அழுத்தினால் சிவக்கும் தாள்

அன்புள்ள வாப்பாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். சிங்கப்பூரில், ஜூரோங்கில் நான் நலம். உங்கள் நலத்துக்கும் உம்மாவின் நலத்துக்கும் துஆ செய்கிறேன்.

இங்கே வளையும் பிளாஸ்டிக் சுருளில் மின்சுற்றுகளை அச்சிடுகிறோம். இரண்டு உருளைகளுக்கு நடுவே அது ஓடும்போது எங்கும் ஒரே அழுத்தம் வேண்டும். போன வாரம் நடுவில் மட்டும் அச்சு மங்கியது. உருளையின் இரு முனைகளிலும் அழுத்தத்தைக் கூட்டினேன். இன்னும் மங்கி ஒரு சுருளே வீணானது.

எங்கள் பொறியாளர் ஆம்ப்ரோஸ் திட்டவில்லை. உருளைகளுக்கு இடையே ஒரு வெள்ளைத் தாளை வைத்து அழுத்தினார். ஓரங்கள் சிவந்தன, நடு வெளுத்தே இருந்தது.

“முனையில அமுக்கினா உருளை நடுவுல வளைஞ்சிடும் லா,” என்றபடி, நடுவில் மயிரிழை அளவு பருத்த உருளையை மாட்டினார். அடுத்த தாள் முழுக்க ஒரே சிவப்பு! என்ன மூளை வாப்பா அவருக்கு! அந்தத் தாளும் லேசுப்பட்டதல்ல. அழுத்தியதற்குத் தக்கபடிதான் சிவக்கும், எதையும் மறைக்காது.

கட்டுப் பிரித்த உங்கள் வலது கையைப் பற்றிக் கேட்டால், போனில் “பழையபடி ஆயிடுச்சும்மா” என்கிறீர்கள். ஆம்ப்ரோஸிடம் கேட்டு வாங்கிய இரண்டு தாள்களை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்றில் இடது கையையும் மற்றதில் வலது கையையும் நன்றாக அழுத்தி அனுப்புங்கள்.

கம்பெனி பஸ் வந்துவிட்டது. உங்களுக்குப் பதில் உம்மாவை அழுத்தச் சொல்லாதீர்கள். அவர் விரல்கள் எனக்குத் தெரியும்.

உங்கள் மகள்
அஃப்ரீன்