டெய்சி ஏன் நன்மை வாங்கவில்லை

சிங்காநல்லூர்
ஞாயிறு மாலை

அன்புள்ள கண்ணு ஜெப்ரிக்கு,

சேசுவின் கிருபையில் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அந்த ஊர்க் குளிரில் உன் இருமல் விட்டிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசலாமென்றால் உன் தங்கை டெய்சி பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் எழுதுகிறேன். ஒரு மாதமாக அவள் பூசைக்கு வருகிறாள், நற்கருணை அப்பம் வாங்க மட்டும் எழுந்து போவதில்லை. ஏதோ பெரிய பாவம் மனதில் கிடக்கிறது, அதுதான் நன்மை வாங்கப் பீடத்துக்குப் போகப் பயப்படுகிறாள் என்று உங்கப்பா முடிவே கட்டிவிட்டார். எந்தப் பையன் என்று கேட்டு வீட்டை இரண்டாக்கினார், அவள் அழுதாளே தவிர வாயைத் திறக்கவில்லை.

போன வாரம் தாடை வலி தாங்காமல் துடித்தாள், பல் டாக்டர் லாஸ்யாவிடம் கூட்டிப்போனேன். கன்னத்திலும் மோவாயிலும் ஒயர் ஒட்டி, தண்ணீரை விழுங்கச் சொன்னார். விழுங்கும்போது பற்கள் சேர்ந்து, கன்னத்துத் தசை தாடையைப் பிடிக்க வேண்டுமாம். இவளுக்கு முன்பற்கள் மேலும் கீழும் சேராதல்லவா, அந்தச் சந்தில் நாக்கு முன்னால் தள்ளுகிறது, கன்னம் சும்மா கிடக்க உதடும் மோவாயும் இறுகி அந்தப் பாடுபடுகின்றன. கம்ப்யூட்டரில் மோவாய்க் கோடு மட்டும் தாறுமாறாகக் குதித்தது. அதைப் பார்த்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். அப்பம் பல்லுல படாம முழுங்கோணும்னு சின்ன வயசுல சொல்லிக்கொடுத்தீங்கல்லம்மா, முழுங்குனா நாக்கு தள்ளிப்போடுதும்மா, அன்னைக்கு உதட்டுக்கே வந்துருச்சு, அப்பத்துல இருக்கற ஆண்டவரைக் கீழே போட்டுருவனோன்னு பயமா இருக்குதும்மா என்றாள். பெற்ற வயிறு என்ன பாடுபடும், நீயே சொல்.

பங்குச் சாமியாரிடம் ஓடினேன். தாராளமா மென்னு முழுங்கட்டுமுங்க, ஒரு பாவமும் இல்லீங்க என்றார். அப்பாவிடமும் சொன்னேன், எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். டாக்டர் சொல்வது, முதலில் நாக்குக்குப் பயிற்சி, பிறகு பல்லுக்குக் கம்பி, அதிலும் சரியாகாவிட்டால் தாடையில் ஆபரேஷனாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு உட்கார்ந்தால் நிற்கத் தோன்றுகிறது, நின்றால் உட்காரத் தோன்றுகிறது. நீதான் அவளுக்குத் தைரியம் சொல்ல வேண்டும். வீடியோவில் பேசும்போது ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டு, உனக்கும் மோவாய் சுருங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்று காலை அவள் தானாகவே எழுந்து வரிசையில் நின்றாள். அப்பத்தை வாங்கி ஓரமாக ஒதுங்கி மென்றாள், மோவாய் நடுங்கியது, எனக்கு உயிரே போய் வந்தது. உங்கப்பா வரிசையை விட்டு வந்து, அவள் விழுங்கி முடிக்கும்வரை மோவாய்க்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றார்.

மாதா உன்னைக் கைவிடமாட்டாள். செபமாலையை மறக்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ.

உன் அம்மா,
சூசைமேரி