வெறுங்காலோடு வாய்க்காலில்

அன்புள்ள மச்சானுக்கு,

நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கவே கோபம் வருகிறது. அத்தை அனுப்பிய படத்தில், திராட்சைத் தோட்டத்து வாய்க்காலில் வெறுங்காலோடு நிற்கிறீர்கள். அந்தக் காலில் முள் குத்தி, கிருமி ரத்தத்தில் ஏறித்தானே நினைவில்லாமல் ஐசியூவில் கிடந்தீர்கள்?

படத்தைப் பார்த்த கையோடு வார்டுக்குப் போனேன். உங்களைப் போலவே பிழைத்த கூடலூர்க்காரர் ஒருவர் இங்கே மஸ்கட்டில் என் வார்டில் இருக்கிறார். சின்னக் காயத்தையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் கதையையும் சொன்னேன்.

"உங்க வீட்டுக்காரரு நீங்க சொன்னாக் கேப்பாகளா சிஸ்டர்?" என்றார்.

கேட்பார் என்று பொய் சொன்னேன்.

இன்றே ரப்பர் பூட்ஸ் வாங்குங்கள். அதைப் போட்டு நடக்கிற சத்தத்தைப் பதிந்து அனுப்புங்கள். இந்த அறையில் ஒரு சத்தமும் இல்லை.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

கோபம் தீராத,
ரீட்டா