மூன்று நாள் என் மேசையில்

அன்புள்ள பொடிசுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பால் நன்றாக இருக்கிறோம், மனத்தால் எப்படி என்பதை இதைப் படித்து முடித்தபின் நீயே கண்டுகொள். அங்கே உனக்கும் மாப்பிள்ளைக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்பதுதான் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை எங்கள் நினைப்பு. அப்பாவின் முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஆனால் மாடிப்படியில் பாதி ஏறி நின்றுகொண்டு மீதியை நாளைக்கு ஏறட்டுமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறார். பக்கத்து வீட்டு டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டாள், அவள் விட்டுப்போன பூனை இப்போது நம் வீட்டு அடுப்படியை அதிகாரம் பண்ணுகிறது. இரண்டு மாதமாக நீ போன் பண்ணினால் நான் அப்பாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விடுகிறேன், உனக்கும் தெரியும். அன்றைக்குப் போனை வைத்தது நான்தான். இதையெல்லாம் போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் பேசிவிடுவாய், அதனால்தான் கடிதம்.

எங்கள் அறக்கட்டளை வேலை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் வரிசையாகச் சொன்னால்தான் எனக்கு எழுத வரும். மூச்சுவிடத் திணறும் நோயாளிகளை ஆஸ்பத்திரி வீட்டுக்கு அனுப்பும்போது, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மெஷினை நாங்கள் இரவலாகக் கொடுக்கிறோம். சொந்தக்காரர் யாராவது விண்ணப்பம் கொண்டுவருவார், வரவேற்பில் இருக்கும் பெண் பதிவேட்டில் ஏற்றுவாள், டாக்டர் பார்த்துச் சரி என்பார், நான் வீட்டுக்குப் போய் விசாரித்து ரிப்போர்ட் எழுதுவேன், அதன்பிறகு ஸ்டோர், அதன்பிறகு வேன். வீட்டு விசாரணையைக் கொண்டுவந்ததே நான்தான், பதினான்கு வருஷத்துக்கு முன்பு ஒரு குடும்பம் மெஷினை விற்றுவிட்டதிலிருந்து. என் ரிப்போர்ட்டில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று தலைவரே கூட்டத்தில் சொல்லியிருக்கிறார், அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் மிதந்துகொண்டுதான் இருந்தேன்.

இந்த வருஷத் தொடக்கத்தில் ஒரு பம்ப் தொழிற்சாலை, சேவையாக, தன் இன்ஜினியர் ஒருத்தியை வாரம் இரண்டு நாள் எங்களிடம் அனுப்பிவைத்தது. உன் வயதுதான் இருக்கும். நீ செய்யும் அதே லீன் வேலை, வீணாகும் நேரத்தைத் தேடிப்பிடிப்பது. முதல் நாள் கையில் கடிகாரத்தோடு என் பின்னாலேயே நடந்தாள். குடிக்கத் தண்ணீர் எடுக்கப் போனால்கூட எத்தனை அடி என்று எண்ணினாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்று சாயங்காலம்தான் உன்னைக் கூப்பிட்டு முறையிட்டேன், நீ என் பக்கம் பேசுவாய் என்று. நீ சிரித்துக்கொண்டே, உங்க ஆபீஸ்ல பேப்பர்தான் நோயாளிம்மா, மேசைக்கு மேசை படுத்துக்கிடக்குது என்றாய். நாங்கள் மனுஷர்களோடு வேலை செய்கிறோம், திருகாணியோடு இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்தச் சிரிப்புத்தான் என்னைச் சுட்டது.

அடுத்த வாரம் இன்ஜினியர் எங்கள் அலமாரியின் ஒவ்வொரு இழுப்பறையிலிருந்தும் ஒரு ஃபைலைக் கேட்டாள், ஒரு விண்ணப்பம் எங்கெங்கே போனது, எங்கெங்கே நின்றது என்று சுவரில் சீட்டு ஒட்டிப் பார்க்க. அடி இழுப்பறையைத் திறந்தபோது அதன்மேல் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, தேவை நீங்கியவை என்றால் என்ன என்று கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். கடைசியில் வரவேற்பில் இருக்கும் பெண்தான் மெதுவாகச் சொன்னாள், “மெஷின் போறதுக்குள்ள ஆள் போயிட்டாங்க மேடம்.” ஒரு வருஷத்தில் பத்தொன்பது ஃபைல். சிலர் ஆஸ்பத்திரிக்கே திரும்பிப் போனவர்கள், மற்றவர்கள் போய்ச் சேர்ந்தவர்கள். அந்தப் பெயரை அந்த இழுப்பறைக்கு வைத்தது யார் என்று எனக்கு நினைவில்லை, ஆனால் கையெழுத்து என்னுடையது.

அவள் கைக்கு வந்தது ஒரு தையல்காரரின் ஃபைல். நான்கு மாதத்துக்கு முன்பு நான் போய்ப் பார்த்த வீடு. ஒரே அறை, ஜன்னலோரம் தையல் மெஷின், அதன்மேல் பாதி தைத்த பள்ளிக்கூடச் சட்டை. அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், உதடு நீலம் பாரித்திருந்தது, பக்கத்தில் ஆஸ்பத்திரி கொடுத்தனுப்பிய சின்ன சிலிண்டர். நாற்பது நிமிஷம் இருந்தேன். பிளக் இருக்கும் இடம், கரண்ட் நிற்குமா, யார் துணைக்கு இருப்பார்கள், எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். இன்ஜினியர் ஒவ்வொரு சீட்டாக ஒட்ட ஒட்ட நான் தேதிகளைப் படித்துச் சொன்னேன். வெள்ளிக்கிழமை விண்ணப்பம், அன்றைக்கே டாக்டர் சரி என்றுவிட்டார். திங்கள் காலை நான் போனேன். திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அந்தக் காகிதம் என் மேசைத் தட்டில். வாரத்துக்கு இரண்டு வீடு மட்டும் இருந்த காலத்தில், வியாழக்கிழமை ஒரே உட்காரலில் எல்லா ரிப்போர்ட்டையும் அழகாக எழுதலாம் என்று நானே வைத்துக்கொண்ட வழக்கம். இப்போது வாரத்துக்கு ஒன்பது வீடு, வியாழக்கிழமை மட்டும் மாறவில்லை. புதன் மாலை நாலு நாற்பதுக்கு அவர் மனைவி போன் செய்திருக்கிறாள், சிலிண்டர் தீரப்போகிறது என்று. நாளைக்கு ரிப்போர்ட் வந்துவிடும் என்று சொல்லப்பட்டது என அழைப்புப் புத்தகத்தில் இருக்கிறது. வியாழன் காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. அந்த நேரத்தில் நான் பேனாவுக்கு மை ஊற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஸ்டோரில் சோதித்து, சீட்டுக் கட்டி, ஒன்பது மெஷின் சும்மா நின்றது. அந்தக் காகிதத்தின்மேல் எல்லோரும் செய்ய வேண்டிய மொத்த வேலை இரண்டு மணிநேரத்துக்கு ஐந்து நிமிஷம் குறைவு. மெஷின் போய்ச் சேரவேண்டிய நாள் மறு சனிக்கிழமை, அதாவது எட்டு நாள்.

மெஷின் இருந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். நுரையீரல் ரொம்பக் கெட்டிருந்தது, சொல்ல முடியாது என்றார். அவர் எனக்கு ஆறுதலாகத்தான் சொன்னார், ஆனால் சொல்ல முடியாது என்பது எப்படி ஆறுதலாகும். நாலைந்து நாள் சோறு இறங்கவில்லை. இன்ஜினியர் என்மேல் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை, ஆளைப் பார்க்காதீங்க, வழியைப் பாருங்க என்று மட்டும்தான் திரும்பத்திரும்பச் சொன்னாள். ஆனால் அந்த வழியைப் போட்டது நான். இதற்கிடையில் அவள் என் நாற்பது நிமிஷப் பேச்சின்மேலும் சிவப்புச் சீட்டு ஒட்டியிருந்தாள், வீண் என்று. அதை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. பயந்துபோன குடும்பத்தோடு உட்கார்ந்து பேசுவது வீணா என்று சத்தம் போட்டேன். அவள் நிதானமாக, நமக்குள்ள சண்டை எதுக்கு, வாங்கிக்கிறவங்களைத்தானே கேக்கணும் என்றாள். சரி, தையல்காரர் மனைவியிடமே கேட்கிறேன் என்று கிளம்பிவிட்டேன். கிளம்பின வேகம் தெரு முனையிலேயே போய்விட்டது, நேராக வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா போகாதே என்றார். போய் என்ன ஆகப்போகிறது, ஆறின புண்ணைக் கீறுவானேன் என்றார். எனக்கும் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தது, ஆனாலும் மறுநாள் போனேன்.

தையல்காரர் மனைவி அதே தையல் மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள். என்னை அடையாளம் தெரிந்தது, நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் சுற்றிவளைக்கவில்லை. உங்க வீட்டுக்காரர் பேப்பர் மூணு நாள் என் மேசையில கிடந்துது, காரணம் எதுவும் இல்லை, நான் வியாழக்கிழமைதான் எழுதுவேன், அதனால கிடந்துது என்று சொல்லிவிட்டேன். அவள் ரொம்ப நேரம் கையில் இருந்த துணியின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே இருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. அந்த ஆக்சிஜன் மெஷின் ஓடினால் ரொம்பச் சத்தம் கேட்குமா என்று கேட்டாள். லேசாக உறுமும், பழகிவிடும் என்றேன். அவருக்குச் சத்தம் பழக்கம்தான் என்று தையல் மெஷினைக் காட்டினாள். பிறகு, நான் கேட்க வந்த கேள்வியைக் கேட்கும்முன்பே அவளே சொன்னாள்:

“அன்னைக்கு நீங்க உக்காந்து பேசினது எனக்குத் தெம்பா இருந்துச்சும்மா. ஆனா அது எனக்கு. அவருக்குக் காத்து வேணும். ரெண்டையும் ஒரே வண்டியில கொண்டாந்திருக்கலாமே?”

பொடிசு, பதினான்கு வருஷத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. முதலில் விசாரணை, பிறகுதான் மெஷின் என்பது சூரியன் கிழக்கே உதிப்பதுபோல என்று நினைத்திருந்தேன். என்னை மன்னித்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை, அவளும் சொல்லவில்லை. வாசல்வரை வந்தாள், அவ்வளவுதான். ஆபீஸுக்கு வந்து அவள் சொன்னதை அப்படியே சொன்னேன். இன்ஜினியர் எழுந்துபோய் அந்தச் சிவப்புச் சீட்டைத் தன் கையாலேயே கிழித்துவிட்டு, இதை நான் தப்பாப் பாத்துட்டேன் என்றாள். அப்போதுதான் முதல்முறையாக அந்தப் பெண்ணை எனக்குப் பிடித்தது.

ஒரு ஆஸ்பத்திரியின் நோயாளிகளுக்கு மட்டும், இரண்டு வாரம் சோதனையாகச் செய்து பார்க்கலாம் என்று தலைவர் அரை மனதாகச் சம்மதித்தார். மெஷினும் நானும் ஒரே வேனில், ரிப்போர்ட்டை அந்த வீட்டிலேயே எழுதிவிடுவது. முதல் நாள் காலை பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஒரு சலவைக்காரியின் விண்ணப்பம் வந்தது. டாக்டர் போனிலேயே பார்த்துச் சரி என்றார். ஸ்டோரில் எடுத்த முதல் மெஷினில் சிவப்பு விளக்கு, இரண்டாவதிலும் சிவப்பு. ஒவ்வொரு வாரமும் சோதிக்கிறோம் என்று சீட்டுக் கட்டித் தொங்குகிறது, யார் சோதித்தார்கள் என்று பார்த்தால் மெக்கானிக் முகத்தில் ஈயாடவில்லை. மூன்றாவது ஓடியது. மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது, டிரைவரும் அவள் தம்பியும் தூக்க, நான் பின்னால் டியூப்பையும் தண்ணீர்ப் பாட்டிலையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஏறினேன். பிளக் ஆடியது, அதை டிரைவர் சரிசெய்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது, அவளுக்கு வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒன்று இருபதுக்கு மெஷின் ஓட ஆரம்பித்தது. விரலில் மாட்டியிருந்த, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியில் எண்பத்து நாலு. நான் கேள்விகளைக் கேட்கிறேன், என் கண் அந்த எண்ணிலேயே இருக்கிறது, எண்பத்தாறு, எண்பத்தெட்டு, தொண்ணூற்றொன்று. எதுக்குப் பேசறதை நிறுத்திட்டீங்க என்று அவள் கேட்டபோதுதான் நான் நிறுத்தியதே எனக்குத் தெரிந்தது.

இரண்டு வாரத்தில் பதினோரு வீடு, ஒன்றுகூட மறுநாளைத் தாண்டவில்லை. ஆனால் ஒரு குடும்பம் மெஷினோடு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டது, எங்கே என்று இன்றுவரை தெரியவில்லை. போன வாரம் நிர்வாகக் குழுக் கூட்டத்தில் தலைவர் அதைத்தான் முதலில் எடுத்தார். இதுக்குத்தானே விசாரணை வச்சோம், அதை ஆரம்பிச்சவங்களே இப்ப உடைக்கிறாங்களே என்று என்னைப் பார்த்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். “மெஷின் போனா வேற மெஷின் வாங்கலாம் சார். அடி இழுப்பறையில இருக்கறவங்களுக்கு என்ன பண்றது?” என்றேன். தையல்காரர் ஃபைலை எடுத்து நானே வாசித்தேன், மூன்று நாள் என் மேசையில் கிடந்ததையும் சேர்த்து. கூட்டக் குறிப்பில் தவிர்க்க முடியாத தாமதம் என்று எழுதிக்கொள்ளலாம், உங்களுக்கும் நல்லது என்றார் அவர். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். வேண்டாம், தவிர்த்திருக்க முடியும் என்றே எழுதுங்கள் என்றேன். செயலாளர் பேனாவை நிறுத்திவிட்டு அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்படியே எழுதுங்கள் என்று தலைவர் தலையை ஆட்டினார்.

ஆக்சிஜன் மெஷினுக்கு மட்டும் புது வழி நிரந்தரமாகிவிட்டது. சக்கர நாற்காலிக்கும் கட்டிலுக்கும் இன்னும் பழைய வழிதான், அதற்கு இன்னொரு சண்டை இருக்கிறது. புது வழியில் என் மேசைக்கு வேலை இல்லை, அதை ஸ்டோருக்குக் கொடுத்துவிட்டார்கள், மெக்கானிக் அதன்மேல் மெஷினைப் பிரித்துப்போட்டிருக்கிறான். பார்த்தபோது கொஞ்சம் வலித்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்பா என்னை டெலிவரிக்காரம்மா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இன்னும் சில நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது அந்தப் பாதிச் சட்டை கண்முன் வந்துவிடுகிறது, யாரோ ஒரு பிள்ளைக்குத் தைத்தது, அதை யார் முடித்துக் கொடுத்தார்களோ. இது என்னோடு இருக்கும், இருக்கட்டும். உனக்கு ஒன்றே ஒன்று சொல்லிக்கொள்கிறேன், புத்திமதி என்று எடுத்துக்கொள்ளாதே. நீ சொன்னது சரி. ஆனால் உன் தொழிற்சாலையிலும் என்னைப்போல ஒருத்தி சத்தம் போட்டால், அவள் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று மட்டும் எழுதிவைக்காதே, பயந்திருக்கிறாளா என்றும் பார்.

நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, மனம் நிறைய வாழ வேண்டும். கடைவாய்ப் பல்லை இன்னும் பார்க்கவில்லை என்று அப்பா சொன்னார், இந்த வாரமே போ, வலி இல்லை என்று தள்ளிப்போடாதே. ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, நானே எடுக்கிறேன். நாளைக் காலை ஏழரைக்கு வேன் வந்துவிடும், இரண்டு வீடு இருக்கிறது, அதனால் இத்தோடு முடிக்கிறேன்.

என்றும் உன்னையே நினைத்திருக்கும்
அம்மா