அழிந்த உலகத்தில் நம் நம்பர்

அன்புள்ள வசந்தாவுக்கு,

முழங்கால் வலி தேவலையா? தைலம் தடவுகிறாயா? ராஜஸ்தான் வெயிலில் கறுத்துப்போனதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை.

உலகம் அழிந்து நூறு வருஷம் கழித்து நடக்கிற படம் இது. செக்கச்சிவந்த மணலில் பாதி புதைந்த கடைத்தெரு செட் கேட்டார்கள். நம் கரையான்சாவடிக் கடைகளையே வரைந்து துருப்பிடிக்க வைத்தேன். ஊரில் விளம்பரம் எழுதி முடித்ததும் அடியில் போடுவதுபோல, பழக்கதோஷத்தில் நம் செல் நம்பரையும் எழுதிவிட்டேன். கல்யாணமான புதிதில் நீ ஏணியைப் பிடித்தபடி ஒவ்வொரு எண்ணாகச் சொல்வாயே, அந்த நினைப்பு.

டைரக்டர் பார்த்துவிட்டார். "இன்னா நைனா, உலகமே அழிஞ்சி போச்சி. இந்த நம்பருக்கு யாரு போன் பண்ணுவா?"

"எங்க ஊட்டுக்காரி பண்ணுவா சார்."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் அழிக்கச் சொன்னார், அழித்துவிட்டேன்.

பிரஷ் துடைக்க உன் பழைய நூல்புடவை ஒன்று அனுப்பு. தபால் வாங்கிப்போகும் வண்டி கிளம்புகிறது. இங்கே டவர் கிடையாது; மணல்மேட்டில் ஏறினால் கிடைக்குமாம். ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அங்கே நிற்பேன். ஒருதரம் போன் பண்ணு. நான் அவரிடம் சொன்னது பொய்யாகக் கூடாது.

உன்
உலகநாதன்