பூக்கள் வீட்டில், நாங்கள் குடிலில்

அன்னவாசல்,
ஏப்ரல் 24

அன்பு ஷர்லிக்கு,

நானும் பாப்பாவும் இதை எழுதும் இந்த நிமிடம் வரை சுகம். நீயும் சுகமாக இருக்க மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிக்காதே. போனில் பேசினால் நம் ஜெசிந்தா பாப்பா என் கன்னத்தோடு காதை ஒட்டிக்கொள்கிறாள். வாட்ஸ்அப்பில் அடித்தால் உனக்கு முன்னால் அவள் எழுத்துக்கூட்டிப் படித்து ஊருக்கே சொல்லிவிடுவாள். லீவு விட்டதிலிருந்து என்னை விட்டு நகர்வதே இல்லை. இப்போதுதான் பக்கத்து வீட்டு ஆரோக்கியம்மாள் அக்காவிடம் டிவி பார்க்கப் போயிருக்கிறாள். பீட்டர் அண்ணன் வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். முறுக்கு, வத்தல் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். டியூட்டியில் படிக்காதே. ரூமுக்குப் போய் உட்கார்ந்து படி.

முதலில் நல்ல செய்தி. நம் சண்டையில் நீ ஜெயித்துவிட்டாய். உன் முதல் சம்பளத்தில் வாங்கிய வெள்ளை ஆர்க்கிட் பூத்துவிட்டது. வெளியே நிழல்வலைக் குடிலில் இருந்தவரை இலையை மட்டும் காட்டி என்னை ஏய்த்தது, ஹாலுக்குள் வந்ததும் ஒரே காம்பில் வரிசையாக விரித்துவிட்டது. உங்கள் ஆஸ்பத்திரி வரவேற்பறையில் நிற்கும் ஆர்க்கிட்டைப் படம் எடுத்து அனுப்பி, “ரூமுக்குள்ளயே எப்புடி நிக்கிது பாருங்க, ஒங்களுக்கு எதுக்குங்க குடிலு” என்று கேட்டாய். அங்கே ஏசி இருக்கிறது, இங்கே என்ன இருக்கிறது என்று நானும் எகிறினேன். இந்தப் பங்குனி வெயில் என்னைத் தோற்கடித்துவிட்டது. குடிலில் தண்ணீரைப் பூந்தூறலாகத் தூவும் மோட்டார் புகைந்துவிட்டது. வலைக்குக் கீழே இலையெல்லாம் அவித்தெடுத்த மாதிரி துவண்டது. அதனால்தான் எல்லாத் தொட்டியையும் ஹாலுக்குத் தூக்கினேன். இதுவரை உனக்குத் தெரியும்.

தெரியாததை இனி எழுதுகிறேன். தொட்டிகளோடு ஒரு சாக்கையும் உள்ளே கொண்டுவந்தேன். ஆர்க்கிட்டுக்கு மண் ஆகாது, தேங்காய் மட்டையை வெட்டி ஊறவைத்துத்தான் தொட்டியில் போடவேண்டும் என்பது உனக்குத் தெரியும். வெட்டிய மட்டைச் சாக்கு குடில் மூலையில் ஈரமாகக் கிடந்தது. வெளியில் விட்டால் காய்ந்துவிடுமே என்று அதை அப்படியே தூக்கி ஹால் மூலையில் வைத்து, தினமும் தண்ணீரும் தெளித்தேன். ஊரெல்லாம் கொதிக்கிறது, குளிர்ச்சியான இடம் அது ஒன்றுதான். அதில் என்ன வந்து படுக்கும் என்று எனக்கு உறைக்கவில்லை பார். பெரிய விவசாயி நான்! கட்டிலில் வெக்கை என்று நானும் பாப்பாவும் அந்தச் சாக்குக்குப் பக்கத்திலேயே தரையில் பாய் விரித்துத் தூங்கிக்கொண்டிருந்தோம்.

ஒரு நாள் மத்தியானம் பாப்பா தேன்மிட்டாய் தின்றுகொண்டே சாவகாசமாக, “அப்பா, சாக்கு மேல ஒண்ணு போகுது, கறுப்பா, ஒடம்பெல்லாம் வெள்ளை வளையல் போட்ருக்கு” என்றாள். நான் திரும்பியபோது வால் மட்டும் பீரோவுக்குக் கீழே போனது. கட்டுவிரியன், ஷர்லி. ஆண்டவரே என்று அவளை அள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்துவிட்டேன். அங்கிருந்தே தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன்.

தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள், குறை சொல்லமாட்டேன். தொட்டி தொட்டியாகத் தட்டிப் பார்த்தார்கள், பீரோவை நகர்த்தினார்கள், சாக்கைக் கொட்டினார்கள். மட்டைக்கு நடுவே உரித்துப்போட்ட சட்டை மட்டும் கிடைத்தது. அதன் நீளத்தைப் பார்த்துவிட்டு அந்தப் பெரியவர், “போயிருக்கும் சார், பயப்படாதீங்க” என்றார். போயிருக்கும்! அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எப்படிப் பிள்ளையைத் தூங்க வைப்பது? சாக்கை மட்டையோடு எரித்துவிட்டேன். பரணில் இருக்கிறதோ, தண்ணீர் போகும் ஓட்டைக்குள் இருக்கிறதோ, எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நர்ஸ் உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. அது கடித்தால் வலியும் தெரியாது, தடமும் தெரியாது, வயிற்றுவலியில்தான் ஆரம்பிக்கும், பிறகு இமை தொங்கும் என்று ஆளாளுக்குச் சொல்லி என்னைக் கலக்கி வைத்திருந்தார்கள். அவள் இமையும் பாதி மூடியிருந்தது. துண்டால் அவளை என் முதுகோடு கட்டிக்கொண்டு புதுக்கோட்டைக்கு பைக்கில் பறந்தேன். “பாப்பா பேசிக்கிட்டே வா, பாப்பா பேசிக்கிட்டே வா” என்று வழியெல்லாம் கத்தினேன். துண்டால் கட்டிவைத்த கோபத்தில் அவள் வாயே திறக்கவில்லை. அந்த வழியை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கே தெரியாது. சாயங்காலம் வரை பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் இல்லை, மிளகாய்ப் பொடி தொட்டுத் தின்ற பச்சை மாங்காய்தான் காரணம் என்றார் டாக்டர். இமை தூக்கக் கலக்கமாம். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அன்றைக்குத்தான் நீ போன் செய்து, “எங்க இருக்கீங்க, ஆஸ்பத்திரி சத்தம் மாதிரி கேக்குது” என்றாய். உரக்கடையில் நிற்கிறேன் என்று புளுகினேன். நீ அங்கே யாரோ ஒருவர் உயிரைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போது இதை எப்படிச் சொல்வேன்?

அதன்பிறகு பாப்பா பயத்தில் சாப்பிடவே இல்லை. அதனால் அதைப் பிடித்துச் சித்தன்னவாசல் மலைப்பக்கம் விட்டுவிட்டார்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அவளும் அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்லித் திரிகிறாள். அவள் எதிரில் உன்னிடம் போனில் நான் என்ன பேசமுடியும், சொல்.

இப்போது எங்கே தூங்குகிறோம் தெரியுமா? குடிலில்! காலியாகக் கிடக்கிறது, தரையில் ஒரு துரும்பு இல்லாமல் கூட்டிவிட்டேன், நாலு பக்கமும் கண்ணுக்குத் தெரிகிறது. நடுவில் இரும்புக் கட்டில், மேலே கொசுவலை, வலையின் ஓரத்தை மெத்தைக்குக் கீழே சுற்றிலும் நானே செருகுகிறேன். சுற்றுலா வந்தமாதிரி அவளுக்கு ஒரே கொண்டாட்டம். வீட்டுக்குள் ஏன் போகக்கூடாது என்று கேட்டால் செடிக்கு மருந்து அடித்திருக்கிறது என்கிறேன். என் வீட்டுக்குள் நான் முழங்கால் பூட்ஸ் போட்டு, கம்பால் தரையைத் தட்டிக்கொண்டே போய், தண்ணீர் ஊற்றிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடிவருகிறேன். உன் வெள்ளைப் பூவை வீடியோவில் காட்டியபோது, “ஏன் தள்ளி நின்னு காட்டுறீங்க” என்று கேட்டாயே, அது ஜன்னலுக்கு வெளியே நின்று காட்டியது. கீரனூர் அக்கா பிள்ளையை அனுப்பு என்கிறாள். ஒரு ராத்திரி கூட என் கைக்கு எட்டாத இடத்தில் அவளை விட எனக்குத் தைரியமில்லை. தினமும் விடிந்ததும் அவள் இமையைத் தூக்கிப் பார்க்கிறேன். “என்னப்பா ஒனக்கு வேற வேலயே இல்லையா” என்று திட்டுகிறாள். அந்தத் திட்டைக் கேட்டபிறகுதான் எனக்கு அன்றைய மூச்சே வருகிறது.

இதை எழுத உட்கார்ந்த காரணம் வேறு. மே மாதம் பாப்பா கோவிலில் முதல்முறை நற்கருணை வாங்கும் புதுநன்மைக்கு லீவு கிடைக்காது என்று நீ சொல்கிறாய். ஆனால் சொல்லும்போது உன் குரலில் அந்தச் சிரிப்பு இருக்கிறது. போன கிறிஸ்மஸுக்கும் இப்படித்தான் சொன்னாய். சொல்லாமல் வந்து, செம்பருத்தித் தொட்டிக்கு அடியில் இருந்த சாவியை எடுத்து, வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, விளக்குக்கூடப் போடாமல் வெறுங்காலோடு வந்து என் கண்ணைப் பொத்தினாய். சாவி அங்கே இல்லை, ஷர்லி. என் இடுப்பில் கட்டியிருக்கிறேன்.

நீ வா. லீவு கேட்டு வா, கேட்காமலும் வா, இனி என்னால் தனியாக முடியவில்லை. ஆனால் கேட்டைத் தாண்டாதே. வேறு சாவி இருக்கிறதா என்று பின்வாசல் பக்கமும் போகாதே. உன் வாயில் ஒருநாளும் வராத என் பேரைச் சொல்லி, கேட்டில் நின்றே கூப்பிடு, ஊரே கேட்டாலும் பரவாயில்லை. குடிலிலிருந்து நாங்கள் ஓடிவருகிறோம். மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். செருப்பை மட்டும் கழற்றிவிடாதே, அம்மா.

உன்,
அறிவுச்செல்வன்