பதினாறாம் நாள் கொடுத்த மனு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, எனக்கும் சொல்லும்படி ஒன்றுமில்லை, நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி, நன்றாக இருந்தால் எங்களுக்கு அது போதும். வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளுக்கு ஒரு காப்பகம் தொடங்கப்போவதாக நீ எழுதிய பன்னிரண்டு பக்கம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது. அப்பா திருத்திக் கொடுத்த பிறகுதான் ஆரம்பிப்பேன் என்று எழுதியிருந்தாய். பதில் ஏன் தாமதம் என்று சொல்ல வேண்டும். அம்மா போனில் உன்னிடம் எதையும் சொல்லியிருக்க மாட்டாள், நான்தான் சொல்ல வேண்டாம் என்றேன்.

தெருமுனை பஸ் நிறுத்தத்தில் ஒரு நேரப் பலகை வைக்க வேண்டும் என்பது ஓய்வு பெற்ற நாளிலிருந்து எனக்கு ஆசை. முப்பத்தாறு வருஷம் ஆபீசில் பிறர் போட்ட கால அட்டவணைகளைச் சரிபார்த்தேனே தவிர நானாக ஒன்று போட்டதில்லை. ஐந்து வருஷம் பேசிக்கொண்டே இருந்துவிட்டுப் போன வருஷம் ஒரு நோட்டோடு போய் நிறுத்தத்தில் உட்கார்ந்தேன். எதிர்க்கடைத் தையல்காரர் எனக்கென்று ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார், பஸ்ஸே ஞாயித்துக்கிழமை லீவு எடுக்குது, நீங்க எடுக்க மாட்டேங்கறீங்களே சார் என்று தினமும் ஒரு கேலி. எனக்குக் காய்ச்சல் வந்தப்பகூட இந்த மனுஷன் இப்படி மணிக்கு மணி குறிச்சு வெச்சதில்ல என்று அம்மா. இரண்டு மாதக் குறிப்பே போதும், ஆனால் மழையில் தாமதம் வேறு, பள்ளி விடுமுறையில் வேறு, எதையாவது விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் பதினோரு மாதம் இழுத்துவிட்டேன். பஸ் வந்த நேரம், கிளம்பிய நேரம், கூடவே எத்தனை பேர் ஏறினார்கள் என்பதும். அந்தக் கடைசிக் கணக்கை யாரும் கேட்கவில்லை. ஒரு கட்டம் மீதியிருந்தது, காலியாக விடக் கை வரவில்லை.

பலகை வைக்க அனுமதி கேட்டு நோட்டை டெப்போவில் கொடுத்தேன். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டு, நாங்க ஆள் போட்டு எடுத்தாலும் இவ்ளோ சுத்தமா வராது சார், ஒரு நகல் எடுத்துக்கவா என்றார். பெருமையோடு தலையாட்டினேன். பலகை ஏறியது. ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்யும் பெண் ஒருவர் முதல் பஸ்ஸில் போகிறவர், ஐந்து ஐம்பது என்று படித்துவிட்டு, இனிமே அஞ்சரைக்கே ஓடி வந்து நிக்க வேண்டாம், ஒரு வாய் காபி குடிச்சிட்டு வரலாம் என்று சிரித்தார். அன்றைக்கு நான் இரண்டு முறை கீழே இறங்கிப் போய் அந்தப் பலகையைப் பார்த்தேன்.

பலகை ஏறிய பத்தாம் நாள் அதன் பக்கத்திலேயே ஒரு நோட்டீஸ். ஒரு நடைக்குச் சராசரி நாலு பேரே ஏறுவதால் இந்த வழித்தடம் திங்கள் முதல் நிறுத்தப்படுகிறது, ஆட்சேபம் இருந்தால் பதினைந்து நாளுக்குள் தரலாம் என்று. நாலு என்பது என் எண். பஸ் புறப்பட்டு இரண்டாவது நிறுத்தம் நம்முடையது, கூட்டமெல்லாம் அப்பால் மில் வாசலில்தான் ஏறும். நான் கட்டத்தின் தலைப்பில் ‘ஏறியவர்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன், ‘இந்த நிறுத்தத்தில்’ என்று எழுதவில்லை. ஆபீசில் வேறு ஒருவர் அப்படி விட்டிருந்தால் சிவப்பு மையில் சுழித்துத் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பதினைந்து நாள் இருந்ததே என்பாய். மனு எழுதினேன். மில் வாசலில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்று உத்தேசமாகச் சொல்ல மனம் வரவில்லை, பஸ் ஓடிய மிச்ச நாட்கள் அங்கே போய் எண்ணினேன். பஸ் நின்ற பிறகு மனுவை ஏழு தடவை மாற்றி எழுதினேன். நோட்டீஸ் ஒட்டிய பதினாலாம் நாள் மனு முடிந்துவிட்டது. ஒரு கூட்டலை மட்டும் மறுபடி பார்த்துவிடலாம் என்று ஒரு நாள் வைத்துக்கொண்டேன். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. பதினாறாம் நாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். நேத்து வந்திருந்தா மேலே அனுப்பியிருப்பேனே சார், ஃபைல் போயிடுச்சே என்றார் அதே அதிகாரி. வருத்தப்பட்டுத்தான் சொன்னார். போனது போனதுதான், இனி அந்த பஸ் வராது.

அந்தப் பெண் இப்போது ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிறார். போன வாரம் என்னைப் பார்த்து, நீங்க உக்காந்து உக்காந்து எழுதினீங்க, பாவிங்க நிறுத்திட்டாங்களே சார் என்று எனக்கே ஆறுதல் சொன்னார். அந்த நாலு என் நோட்டிலிருந்து போனது என்று அவரிடம் நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டும். நம் முனையை அவர் கடக்கும் நேரம் ஐந்து ஐந்து, மூன்று நாளாக ஜன்னலிலிருந்து பார்த்து வைத்திருக்கிறேன். இன்னும் கீழே இறங்கவில்லை. பலகையைக் கழட்டிடலாமா சார் என்று தையல்காரர் கேட்கிறார், இப்போது கேலி பண்ணுவதில்லை.

உன் பன்னிரண்டு பக்கத்தை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மூன்றாம் பக்கம் வரைதான் படித்தேன். இரண்டு பிழை கண்ணில் பட்டது, பேனாவை மூடி வைத்துவிட்டேன். எந்த இடத்தில் என்று கேட்காதே. உன் காப்பகம் நடக்குமா நடக்காதா என்று எனக்குத் தெரியாது, தைரியம் சொல்லும் யோக்கியதையும் எனக்கு இல்லை. என் கைக்கு வந்தால் உன் காரியம் கெட்டுவிடும், அது மட்டும் தெரியும். அம்மா உனக்குத் திருஷ்டி கழிப்பது போல் ஏதோ சொல்லிக்கொண்டு இந்தக் கவரை ஒட்டப் பசையோடு நிற்கிறாள், மறுபடி படிக்க விட மாட்டாளாம். நீ நினைத்தது உன் கையால் நடக்கட்டும், நீண்ட நாள் சுகமாக இரு. கதவைத் திறந்த அன்று தேதியை மட்டும் ஒரு வரி எழுது. வேறு எதுவும் அனுப்பாதே.

உன்னை எப்போதும் நினைத்திருக்கும்,
அப்பா