பரிசோதனைக்கு முன் குடித்த கஷாயம்

என்னங்க,

"ரத்தம் பொய் சொல்லுமாப்பா?" என்று நம் மகள் சின்ன வயதில் உங்களைக் கேட்டாள். "ஊரே சொன்னாலும் அது சொல்லாதும்மா" என்றீர்கள். இப்போது அதையும் பொய் சொல்ல வைத்துவிட்டீர்கள்.

பரீட்சைக்கு முந்தின நாள் மட்டும் படிக்கிற பிள்ளை மாதிரி, ரத்தப் பரிசோதனை வருகிறதென்றால் மட்டும் அந்த மூலிகைக் கஷாயத்தைக் குடிக்கிறீர்கள். சர்க்கரை குறைவாகக் காட்டுகிறது. அதை நம்பி டாக்டர் மாத்திரையைக் குறைத்துவிட்டார். மற்ற நாளெல்லாம் அது ஏறிக்கொண்டே இருக்கிறது.

"உன் முகம் வாடக்கூடாதுன்னுதான் குடிச்சேன், விடேன்" என்றீர்கள் நேற்று. நான் அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. உங்கள் மனது கடவுளுக்குத் தெரியும். டாக்டருக்கு அந்தக் கண் இல்லை, நாம்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இன்றைய பரிசோதனைக்கு வெறும் வயிற்றோடு போங்கள். ரத்தம் எடுக்கும் முன்பே கஷாயப் பொடி டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது, வந்து சாப்பிடலாம். போகும்போது சாவியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுங்கள்.

மறந்துவிட்டேன்: சில மூலிகைகள் மெஷின் காட்டுகிற அளவையே மாற்றிவிடுமாம். லேபில் இருக்கும் பெண் சொன்னாள்.

இன்னொன்று. விடியலில் போர்வையைச் சரிசெய்தபோது உங்கள் கால்விரல் இடுக்கில் புண்ணைப் பார்த்தேன். என் ஆபரேஷன் புண்ணை எத்தனை நாள் முகம் சுளிக்காமல் கழுவிக் கட்டினீர்கள். அந்தக் கடனில் கொஞ்சம் தீரட்டும் என்று நானும் கழுவி, மருந்து வைத்துக் கட்டினேன். அவ்வளவு எரியும் மருந்துக்கும் நீங்கள் விழிக்கவே இல்லை. அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.